ரிவால்வரின் ஓசையும் செவியின் பாதுகாப்பும்

ஜாதவ்பூரில் குளிர்காலம் பள்ளி விளையாட்டு விழாக்களின் காலமாகும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை, ஏதேனும் ஒரு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகளும் வண்ணக் கொடிகளும் காணப்படாத ஞாயிற்றுக்கிழமை இல்லை எனலாம். சென்ற குளிர்காலத்தில் அத்தகைய விழா ஒன்றைக் காணும் வாய்ப்பு இதை எழுதுபவனுக்குக் கிட்டியது. ஓட்டப் பந்தயங்களைத் தொடங்கி வைத்தவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். ரிவால்வர் வடிவிலமைந்த தொடக்கத் துப்பாக்கியை வலக் கையால் தலைக்கு மேல் உயர்த்தி, இடக் கை விரலால் இடச் செவியை அடைத்துக்கொண்டு, அன்று பகல் முழுவதும் நாற்பது முறைக்கு மேல் சுட்டார். வலச் செவியை அடைக்க அவரிடம் மூன்றாவது கை இல்லை. கோட்டருகே வேடிக்கை பார்த்த சிறுவர்கள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஓடவிருந்த சிறுவர்களோ கைகளைத் தரையில் ஊன்றியிருந்தமையால் அவர்களுக்கு அதுவும் இயலவில்லை.

விழா முடிந்த பின் தேநீர் அருந்துகையில் அவருடன் சற்று உரையாட நேர்ந்தது. நான் வலப்புறம் அமர்ந்து கேட்டவற்றை இரண்டு முறை, சில வேளை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகிறீர்கள் என்று வினவினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்றார். காதுக்குக் கேடு உண்டாகாதா என்று கேட்டதற்கு, "இதில் குண்டு ஏது, ஐயா? வெறும் ஓசைதானே!" என்று சிரித்தார்.

இக்கட்டுரை அந்த "வெறும் ஓசை"யைப் பற்றியது. அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கி ஓசை பற்றிய குறிப்பொன்றைத் தமிழில் பெயர்க்க நேர்ந்தபோது, சைலென்சர் என்னும் சாதனத்துக்கு "ஓசை நீக்கி" என்று நானே எழுதினேன். சொல் சுருக்கமாக இருந்தது, பொருளும் விளங்கியது. ஆயினும் அக்குறிப்பிலிருந்த எண்களைப் படித்து முடித்த பிறகு அச்சொல்லை அடித்துவிட்டு "ஓசை தணிப்பான்" என்று திருத்த வேண்டியதாயிற்று. நீக்குதல் வேறு, தணித்தல் வேறு. துப்பாக்கியின் ஓசையைத் தணிக்கலாம், நீக்க முடியாது. இந்த வேறுபாட்டை உணராமையே பலருடைய செவிக்குக் கேடாக முடிகிறது என்பது என் கருத்து.

முதலில் இந்த ஓசையின் இயல்பைக் காண்போம். ஓசையைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் ஜாதவ்பூருக்கும் தொடர்பு உண்டு. 1876-ஆம் ஆண்டில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தாவில் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம், பௌபஜார் தெருவிலிருந்து பிற்பாடு ஜாதவ்பூருக்கு இடம் மாறி இன்றும் அங்கேயே நடைபெற்று வருகிறது. 1907-ஆம் ஆண்டில் நிதித் துறை உத்தியோகஸ்தராகக் கல்கத்தாவுக்கு வந்த சி. வி. ராமன், அலுவல் போக எஞ்சிய வேளைகளில் பௌபஜாரிலிருந்த அக்கழகத்தில்தான் ஆராய்ச்சி நடத்தினார். ஒளி பற்றிய ஆராய்ச்சியால் உலகப் புகழ் எய்துமுன் அவர் கருத்தைக் கவர்ந்தவை வயலினும் மிருதங்கமும் தபலாவுமே. சாதாரணத் தோற்கருவி எழுப்பும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறி நிற்கும். மிருதங்கத்தின் நடுவே இடப்படும் கரிய சாந்து, அவ்வதிர்வுகளை எளிய எண் விகிதங்களில் நிறுத்தி ஓசையைச் சுருதியுள்ளதாக்குகிறது என்பதை அவர் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-ஆம் ஆண்டில் விளக்கினார்.

துப்பாக்கியின் வெடிப்பு இதற்கு நேர் எதிரானது. அதில் சுருதியில்லை, திரும்பத் திரும்ப வரும் அலையும் இல்லை. காற்றழுத்தம் ஒரே பாய்ச்சலில் உச்சத்துக்கு ஏறி, சில மில்லி செகண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அது மிகச் சுருக்கமாக இருப்பதனாலேயே, இருக்கும் அளவைவிடக் குறைவானதாக நம் செவிக்குத் தோன்றுகிறது. சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் அளவுள்ளது. ரிவால்வரைச் சுடுபவர் செவியருகே உச்ச அளவு, தோட்டாவுக்கும் குழலின் நீளத்துக்கும் ஏற்ப, 150 முதல் 165 டெசிபல் வரை எட்டுகிறது. டெசிபல் கணக்கில் 20 கூடினால் அழுத்தம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். ஆகவே 60-க்கும் 160-க்கும் இடையேயுள்ள வேறுபாடு அழுத்தத்தில் ஒரு லட்சம் மடங்காகும்.

ரிவால்வரின் ஓசை மூன்று இடங்களிலிருந்து பிறக்கிறது. முதலாவது, குழல்வாய். வெடிமருந்து எரிந்து உண்டான வாயுக்கள் குண்டின் பின்னே பெரும் அழுத்தத்துடன் வெளியேறிக் காற்றைத் தாக்குகின்றன. குழல் குட்டையாக இருந்தால் வாயுக்களின் அழுத்தம் தணியுமுன்பே அவை வெளிப்படுகின்றன. வாயும் சுடுபவருக்கு அருகில் அமைகிறது. கைப்பைக்குள் அடங்கும் சிறிய ரிவால்வர் ஓசையிலும் சிறியதாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. இரண்டாவது, குண்டு. ஒலியின் வேகம் காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதனினும் விரைந்து செல்லும் குண்டு, தான் செல்லும் வழி நெடுகிலும் சாட்டையடி போன்ற ஓசையை எழுப்பிக்கொண்டே போகிறது. மூன்றாவது, ரிவால்வருக்கே உரியது. தோட்டாக்கள் அமர்ந்துள்ள உருளை சுழல வேண்டுமாதலால், அதற்கும் குழலுக்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி விடப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அச்சிறு இடைவெளி வழியாகவும் வாயு பக்கவாட்டில் பீறிடுகிறது.

இனி, தணிக்கும் சாதனத்தைக் கவனிப்போம். யந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம், தம் கண்டுபிடிப்பின் ஓசையாலேயே செவிப்புலனைப் பெரிதும் இழந்தார். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-ஆம் ஆண்டில் துப்பாக்கிச் சைலென்சருக்குக் காப்புரிமை பெற்றார். குழல்வாயில் பொருத்தப்படும் உருளைக்குள் பல தடுப்புகளை அமைத்து, வாயுக்களைச் சுழலவிட்டு, மெதுவாக வெளியேற்றுவதே அதன் தத்துவம். மோட்டார் வண்டியின் புகைபோக்கியிலும் இதே தத்துவம் பயன்படுகிறது.

இச்சாதனம் குறைக்கும் அளவு பொதுவாக 20 முதல் 35 டெசிபல் வரைதான். 160 டெசிபலிலிருந்து 30-ஐக் கழித்தால் எஞ்சுவது 130. அதுவும் செவிக்குத் துன்பம் தரும் ஓசையே. குண்டின் வேகத்தால் எழும் ஓசையை இச்சாதனம் தொடுவதேயில்லை. அது குழலை விட்டு நீங்கிய பிறகு பிறப்பது. சாதாரண ரிவால்வரிலோ, வாயில் எத்தகைய தணிப்பானைப் பொருத்தினாலும், உருளையருகே உள்ள இடைவெளி திறந்தே கிடக்கிறது. முன்வாசலைத் தாழிட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தது போன்ற நிலை அது. இவ்விதிக்குப் பெயர் பெற்ற விலக்கு ஒன்று உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த லெயோன் நாகாந்த் வகுத்து, 1895-ஆம் ஆண்டில் ருஷ்யப் படை ஏற்றுக்கொண்ட ரிவால்வரில், சுடும் வேளையில் உருளை முன்னே நகர்ந்து குழலோடு பொருந்தி இடைவெளியை அடைத்துவிடும். அதனால் அதில் மட்டும் சைலென்சர் ஓரளவு பயன் தந்தது. திரைப்படங்களில் சாதாரண ரிவால்வர் இருமல் போன்ற ஓசையுடன் சுடுவது கற்பனையே.

மூல இடத்தில் ஓசையை அடக்க முடியாதெனில், அது வந்து சேரும் இடமாகிய செவியைக் காக்க வேண்டும். செவி தன்னைத் தானே காத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். உரத்த ஓசை கேட்டவுடன் நடுச்செவியிலுள்ள சிறு தசை அங்கவடி எலும்பை இழுத்துப் பிடித்து, உட்செல்லும் அதிர்வைக் குறைக்கிறது. ஆனால் அத்தசை முழுதும் செயற்பட விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகிறது. ரிவால்வரின் ஓசை அதற்குள் உட்சென்று முடிந்துவிடுகிறது.

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்டுள்ள காக்லியாவில், ஒவ்வொரு செவிக்கும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுபவை இவையே. பறவைகளில் இச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன. மனிதரில் முளைப்பதில்லை. ஒரே ஒரு வெடிப்பும் இவற்றைச் சிதைக்கக்கூடும். பல ஆண்டுகள் சிறிது சிறிதாகவும் சிதையலாம். வழக்கமாக இழப்பு 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டித் தொடங்குகிறது. உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அது தப்பிவிடுகிறது. சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்களின் நுண்ணோசை மறைகிறது. ஆகவே இத்தகையோர் "கேட்கவில்லை" என்று கூறுவதில்லை. "கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை" என்றே கூறுவர். பிறர் முணுமுணுக்கிறார்கள் என்று குறைபடுவர். காதில் இடையறாத இரைச்சலும் சிலருக்கு உடன் வந்து சேரும்.

இந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவது அரிது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குரிய அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 60 டெசிபல் இழப்பு உள்ளவரையே செவித்திறன் குன்றியவராகக் கணக்கில் கொள்கிறது. வலச் செவியில் உயர் அதிர்வெண்களை மட்டும் இழந்த உடற்பயிற்சி ஆசிரியர் அக்கணக்கில் வரமாட்டார். அவருடைய வகுப்பில் பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்கும் மாணவனுக்கே அந்த நஷ்டம் முதலில் தெரியவரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், திடீர் ஓசையின் உச்ச அளவு வயது வந்தோருக்கு 140 டெசிபலையும், குழந்தைகளுக்கு 120 டெசிபலையும் தாண்டலாகாது என்று கூறப்பட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மாதிரி விதிகளும் தொழிலாளிக்கு 140 டெசிபலையே மேல் எல்லையாகக் கொண்டிருந்தன. குண்டில்லாத தொடக்கத் துப்பாக்கியின் நிலை யாது? அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டில் வெளியான அளவீடுகளின்படி, 0.22, 0.32 அங்குல வகைத் தொடக்கத் துப்பாக்கிகள் சுடுபவர் நிற்குமிடத்தில் 140 டெசிபலைத் தாண்டின. அதாவது, ஆலைத் தொழிலாளிக்கு ஆகாதெனக் கூறப்பட்ட ஓசையைப் பள்ளி மைதானத்தில் ஆசிரியர் ஒரே நாளில் நாற்பது முறை ஏற்கிறார்.

செவிக் காப்புகளுக்கும் எல்லை உண்டு. நுரைப் பஞ்சாலான செவியடைப்பானைச் சரியாகப் பொருத்தினால் 25 முதல் 30 டெசிபல் வரை குறையலாம். அதை விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொணர்ந்து செவிமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை விரலால் பிடித்திருத்தல் வேண்டும். பாதி நுழைத்து விட்டுவிட்டால் பயன் மிகச் சொற்பம். மருந்துக்கடைப் பஞ்சு நம்பத் தக்க காப்பே அன்று. செவி முழுவதையும் மூடும் காதுறையும் ஏறக்குறைய இதே அளவு குறைக்கிறது. மூக்குக் கண்ணாடியின் காம்பு இடையில் நின்றால் அதுவும் ஒழுகும். இரண்டையும் ஒருங்கே அணிந்தால் இருமடங்கு பயன் கிட்டுமென எண்ண வேண்டாம். கூடுவது 5 முதல் 10 டெசிபல் வரைதான். செவித்துளையை எவ்வளவு அடைத்தாலும் தலையோட்டு எலும்பின் வழியே ஓசை உட்சென்றுவிடுவதால், 40 அல்லது 50 டெசிபலுக்கு மேல் எக்காப்பாலும் குறைக்க இயலாது. 160 டெசிபல் ரிவால்வரைச் சுடுபவர் இரண்டையும் அணிந்தால் அவர் செவிக்கு எட்டுவது சுமார் 125. இது போதுமான காப்பே. அணிவதை ஒருமுறை மறந்தாலோ அக்காப்பு முழுவதும் வீண்.

சட்டத்தால் மட்டும் இதனைச் சாதிக்கலாமென்று நம்புவோருக்கு, கல்கத்தா நகரின் பட்டாசு வரலாறு ஒரு பாடமாகும். உயர் நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் ஓசை மாசு பற்றி வழங்கிய தீர்ப்பை அடுத்து, மேற்கு வங்கம் பட்டாசு ஓசைக்கு 90 டெசிபல் என்னும் எல்லையை விதித்தது. நாட்டின் ஏனைய பகுதிகளில் எல்லை, வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் அல்லது உச்ச அளவில் 145 டெசிபல் என்று 1999-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பல ஆண்டுகள் நாட்டிலேயே கடுமையானதாக நின்ற வங்கத்தின் எல்லை, 2023-ஆம் ஆண்டில் நாட்டின் பொது எல்லைக்கு உயர்த்தப்பட்டது. இம்மாறுதலின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே. சட்டத்துக்கு உட்பட்ட பட்டாசும் 4 மீட்டரில் உச்ச அளவு 145 டெசிபல் வரை எழுப்பலாம். குழந்தைக்குரிய 120 டெசிபலாக அது தணிய வேண்டுமானால், திறந்த வெளியில் கணக்கின்படி ஏறத்தாழ 70 மீட்டர் விலகி நிற்க வேண்டும். சட்டம் அனுமதித்த அளவையும் உடல் தாங்கும் அளவையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

அப்படியானால் செய்யத் தக்கது யாது? செலவில்லாத காப்பு தூரமே. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஓசை 6 டெசிபல் குறைகிறது. தொடக்கத் துப்பாக்கியின் உச்ச அளவு அரை மீட்டரில் 150 டெசிபல் எனக் கொள்வோம். 8 மீட்டரில் அது 126 ஆகிவிடும். ஓட்டக்காரர்கள் இரண்டு மூன்று மீட்டர் அருகில் குனிந்திருக்க, அவர்கள் தலைக்கு மேலே சுடும் வழக்கத்தை உடனே விடலாம்.

அதனினும் சிறந்தது, தேவையில்லாத வெடியைத் தவிர்ப்பது. பந்தயத்துக்கு வெடி ஏன் தேவைப்பட்டது என்று சிந்தித்தால், நேரம் குறிப்பவருக்குக்கூட அது தேவையில்லை என்பது விளங்கும். 100 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு ஓசை வந்து சேர விநாடியில் பத்தில் மூன்று பங்கு ஆகிறது. ஆகவே கைக்கடிகாரத்தை இயக்குபவர் புகையைக் கண்டதும் அதனை அழுத்த வேண்டும், ஓசையைக் கேட்டு அழுத்தலாகாது என்பதே விதி. உள்ளே வெள்ளை வண்ணம் பூசி, கீலால் இணைத்த இரு மரப்பலகைகளை மேலே உயர்த்தி அடித்தால், ஓட்டக்காரருக்குப் போதிய ஓசையும் நேரம் குறிப்பவருக்கு வேண்டிய அடையாளமும் கிடைக்கின்றன. ஒலிம்பிக் போட்டிகளிலும் 2010-ஆம் ஆண்டு வான்கூவர் விளையாட்டு முதல் வெடியற்ற மின்னணுத் தொடக்கக் கருவி இடம் பெற்றுள்ளது. பலகையைச் செய்யப் பள்ளியின் தச்சு வகுப்பே போதும். மாணவர்களைக் கொண்டே ஒலியின் வேகத்தைக் கணக்கிடச் செய்தால், அது ஒரு பௌதிகப் பாடமாகவும் அமையும்.

வெடியைத் தவிர்க்க இயலாத பணிகளும் உண்டு. என்.சி.சி. மாணவருக்குச் சுடும் பயிற்சி அளிக்கும் ஆசிரியர், வடவங்கத்திலும் நீலகிரி அடிவாரத்திலும் விளைநிலங்களிலிருந்து யானைகளை விரட்டும் வனப் பணியாளர், கல்வெடிக்குமிடத்தை மேற்பார்க்கும் களப் பணியாளர் ஆகியோர் அத்தகையோர். நீண்ட குழலுள்ள 0.22 துப்பாக்கியின் ஓசை ரிவால்வரைவிடக் குறைவே. ஆனால் பத்துப் பேர் வரிசையாகப் படுத்துச் சுடுகையில் பக்கத்திலிருப்பவரின் வெடியும் ஒவ்வொருவர் செவியையும் தாக்குகிறது. இத்தகைய இடங்களில் இரட்டைக் காப்பு அணிதல், சுடும் எண்ணிக்கையைக் குறைத்தல், தம் முறை வராதவரைத் தொலைவில் நிறுத்துதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெற வேண்டும். இரவில் யானையின் அசைவைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய வனக்காவலர் எப்போதும் செவியை அடைத்திருக்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. அவர் கழுத்தில் காதுறை தொங்கட்டும். வெடிக்குமுன் ஒருவர் குரல் கொடுத்து, எல்லோரும் அணிந்த பின்பே வெடிக்கட்டும்.

இதற்கு நிருவாகத்தின் தரப்பிலும் ஒரு சிறு மாறுதல் தேவை. தோட்டா வழங்குகையில் பெயரும் எண்ணிக்கையும் எழுதிக் கையொப்பம் பெறுகிறோம். செவிக் காப்பை விரும்பினால் வாங்கிக்கொள்ளும் பொருளாக விட்டுவிடுகிறோம். தோட்டா எழுதப்படும் அதே தாளில், அதே வரியில், செவிக் காப்பும் எழுதப்பட வேண்டும். காப்பு இல்லையேல் தோட்டாவும் இல்லை என்பது விதியாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை செவிச் சோதனையும் இதனுடன் சேர்ந்தால், இழப்பு பேச்சைத் தொடுமுன்பே அறியலாம். இவற்றுக்கு ஆகும் செலவு வெடிக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத் தக்கதே.

காப்பு அணிவது கோழைத்தனம் என்னும் எண்ணம் சுடுவோரிடையே இன்னும் மறையவில்லை. "பழகிவிட்டது, இப்போது அவ்வளவு உறைப்பதில்லை" என்று அனுபவசாலிகள் பெருமையுடன் கூறுவதைக் கேட்கிறோம். ஓசைக்குச் செவி பழகுவது கிடையாது. உறைப்பது குறைந்திருந்தால் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஜாதவ்பூர் ஆசிரியரிடம் மரப்பலகையைப் பற்றிக் கூறினேன். துப்பாக்கியின் கம்பீரம் பலகைக்கு வருமா என்று ஐயுற்றார். பிறகு சற்று யோசித்து, "சிறுவர்களுக்காக வேண்டுமானால் செய்து பார்க்கலாம்" என்றார். இதை அவர் என் இடப்புறம் திரும்பி அமர்ந்து, தம் இடச் செவியை என் பக்கம் வைத்துக்கொண்டு கூறினார். வருகிற குளிர்காலத்தில் அம்மைதானத்தில் எந்த ஓசை கேட்குமென்று அறிய ஆவலாயிருக்கிறேன். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் தத்தம் மைதானத்தில் அம்முடிவைத் தாமே எடுக்கலாம். அதற்கு எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.